சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு: பழைய எஞ்சினில் ஆயில் லீக்

ஒரு மில்லி எண்ணெயில் ஏறக்குறைய 20 சொட்டுகள் இருக்கும். அந்தக் கணக்கில் ஒரு லிட்டருக்கு 20,000 சொட்டு. 1,000 கிலோமீட்டர் ஓடி முடிப்பதற்குள் ஒரு கார் அரை லிட்டர் எண்ணெயை ஒழுகவிட்டால், 100 மீட்டருக்கு ஒரு சொட்டு வீதம் சாலையில் விட்டுக்கொண்டே போயிருக்கிறது என்று அர்த்தம். மாறாக, இரவெல்லாம் நின்ற காருக்கு அடியில் ஐந்து சொட்டு விழுந்து உள்ளங்கை அகலத்துக்குக் கறை பரவியிருந்தால், போனது கால் மில்லிதான். கறையைப் பார்த்து வரும் பயத்துக்கும் போன எண்ணெயின் அளவுக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருப்பதில்லை. தரையில் ஒரு சொட்டுகூட விழாமல், வண்டி ஓடும்போது மட்டும் கசிந்து சூடான எக்ஸாஸ்ட் மேல் பட்டுப் புகைந்து போகும் எண்ணெய்தான் உண்மையில் ஆபத்தானது. அது கறையே காட்டாது.

அதனால் லீக்கைத் தேடி வண்டிக்கு அடியில் படுப்பதற்கு முன் எண்ணெய் அளவு காட்டும் கம்பியான டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்க்க வேண்டும். வண்டி சமதரையில் நிற்க வேண்டும், எஞ்சினை நிறுத்திச் சில நிமிடம் ஆகியிருக்க வேண்டும். பெரும்பாலான கார்களில் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு லிட்டர். மேல் கோடு வரை ஊற்றி, கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு, சில நூறு கிலோமீட்டர் கழித்து மறுபடி பார்த்தால் எவ்வளவு போகிறது என்று தெரிந்துவிடும். அளவு வேகமாக இறங்குகிறது, ஆனால் எஞ்சின் வெளியே காய்ந்துதான் இருக்கிறது, பின்னால் நீலப் புகை வருகிறது என்றால் அது லீக் அல்ல. எண்ணெய் உள்ளேயே எரிகிறது. பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் பக்கம் பார்க்க வேண்டிய வேலை.

ஒழுகுவது எஞ்சின் ஆயில்தானா என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். ஒரு வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு பிடித்தால் போதும். பழுப்பிலிருந்து கறுப்பு வரை இருந்தால் எஞ்சின் ஆயில். சிவப்பாக இருந்தால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் அல்லது பவர் ஸ்டியரிங். கந்தக நாற்றம் அடித்தால் மேனுவல் கியர்பாக்ஸ் அல்லது டிஃபரன்ஷியல் ஆயில். பச்சையோ இளஞ்சிவப்போ இனிப்பு வாடையோடு இருந்தால் கூலன்ட். நீர்த்து, லேசான மஞ்சளாக, பட்ட இடத்தில் பெயின்ட்டை உரித்தால் பிரேக் ஆயில். அப்படியிருந்தால் வண்டியை எடுக்கவே கூடாது. வெறும் தண்ணீர் ஏசியிலிருந்து வருவது, அதை மறந்துவிடலாம்.

இனி எஞ்சின் ஆயில் என்றே வைத்துக்கொள்வோம்.

எண்ணெய் ஏன் இடம் மாறிக் காட்டுகிறது

கசிந்த எண்ணெய் கசிந்த இடத்திலேயே நிற்பதில்லை. எஞ்சின் பிளாக்கின் விளிம்புகளைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கும். ஃபேன் காற்றும், ஓடும்போது முன்னாலிருந்து வரும் காற்றும் அதைப் பின்னால் தள்ளும். கடைசியில், எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியான ஆயில் சம்ப்பின் மிகத் தாழ்ந்த மூலையிலோ, கியர்பாக்ஸ் சேரும் இடத்திலோ சேர்ந்து சொட்டும். எஞ்சினை மேலே மூடியிருக்கும் டேப்பெட் கவரில் கசிகிற எண்ணெய், பின்புறமாக வழிந்து, கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் சொட்டுவது மிகச் சாதாரணம். அதைப் பார்த்துவிட்டு மெயின் ஆயில் சீல் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனை சீல்) போயிடுச்சு, கியர்பாக்ஸை இறக்கணும் என்று முடிவு கட்டுவதும் அதே அளவுக்குச் சாதாரணம்.

ஆகவே தேடும்போது ஒரே விதிதான்: எண்ணெய் நனைந்திருக்கும் இடங்களில் மிக உயரமானதும் மிக முன்னால் இருப்பதும் எது? சந்தேகம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். சொட்டும் இடத்தைக் கடைசியாகப் பார்த்தால் போதும்.

இன்னொரு பிரிவினையும் உதவும். எஞ்சினுக்குள் எண்ணெய் இரண்டு விதமாக இருக்கிறது. பம்ப் தள்ளுகிற அழுத்தத்தில் போகும் எண்ணெய் ஒன்று. ஃபில்டர், எண்ணெய் அழுத்தம் பார்க்கும் பிரஷர் சுவிட்ச், ஆயில் கூலர் குழாய்கள், டர்போவுக்குப் போகும் குழாய் எல்லாம் அந்தப் பக்கம். மற்றது, வேலையை முடித்துவிட்டுச் சும்மா வழிந்து இறங்கும் எண்ணெய், சுழலும் பாகங்கள் வாரித் தெறிக்கும் எண்ணெய். டேப்பெட் கவர், சம்ப், முன் பின் ஆயில் சீல்கள் இந்தப் பக்கம். முதல் வகை லீக் எஞ்சின் ஓடும்போதுதான் அதிகம் வரும், நிறுத்தினால் நின்றுவிடும். அது பெரிதானால் சில நிமிடங்களில் சம்ப் காலியாகி எஞ்சின் போய்விடும். இரண்டாவது வகை மெதுவானது, மாதக்கணக்கில் பிசுக்கு சேர்த்துக்கொண்டிருக்கும். திடீரென்று நிறைய எண்ணெய் போனால் முதல் வகையைத் தேடுங்கள். வருஷக்கணக்காக எஞ்சின் முழுக்க அழுக்குப் பிசுக்கு என்றால் இரண்டாவது வகை.

கழுவாமல் தேடாதே

பழைய எஞ்சினில் எல்லா இடமும் நனைந்துதான் இருக்கும். பத்து வருஷத்துப் பிசுக்கில் எது நேற்று கசிந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு "இதுதான்" என்று விரல் நீட்டுபவரை நான் நம்புவதில்லை. முதலில் கழுவ வேண்டும். ஆறின எஞ்சினில் டிகிரீசர் அடித்து, ஊறவிட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, மெதுவான தண்ணீரில் கழுவ வேண்டும். அதற்கு முன் ஆல்டர்னேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்புவது), காற்று உள்ளே போகும் வழி, ஒயர் கனெக்டர்கள் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டிவிட வேண்டும். பெட்ரோலால் கழுவுவது இன்னும் சில இடங்களில் நடக்கிறது. தீப்பிடிக்க ஒரு பொறி போதும், வேண்டவே வேண்டாம். உயர் அழுத்தத் தண்ணீரைச் சீல்கள் மேல் நேராக அடிப்பதும் நல்லதல்ல, தண்ணீர் உள்ளே புகும்.

கழுவிக் காய்ந்த பிறகு, சந்தேகப்படும் இடங்களில் டால்கம் பவுடரையோ தெளிக்கும் வெள்ளைப் பவுடரையோ மெல்லிசாகப் படிய விட்டு, எஞ்சினை 10, 15 நிமிடம் சூடாக்கி ஓடவிட்டுப் பாருங்கள். புது எண்ணெய் வெள்ளையில் கறுத்துக் கோடு போடும். கோட்டின் மேல் நுனிதான் லீக். எஞ்சினுக்குப் பின்னால் கண் போகாத இடத்துக்குக் கம்பியில் பொருத்திய சிறு கண்ணாடி அல்லது கைபேசி கேமரா. நின்ற இடத்தில் ஓடவிட்டு ஒன்றும் வராவிட்டால் 20, 30 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பார்க்க வேண்டும். சில லீக்குகள் முழுச் சூட்டிலும் வேகத்திலும்தான் வெளியே வரும்.

அதிலும் பிடிபடவில்லை என்றால் யூவி சாயம். எண்ணெயோடு கலந்து ஓட்டிவிட்டு, இருட்டில் யூவி விளக்கு அடித்தால் கசிந்த எண்ணெய் மஞ்சள் பச்சையாக மின்னும். அதோடு வரும் மஞ்சள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டால் இன்னும் தெளிவு. இதில் ஒரு தொல்லை உண்டு: எண்ணெய் ஊற்றும்போது வாய்ப்பக்கம் சிந்தியதும் சேர்ந்து மின்னும். சிந்தியதைத் துடைத்துவிட்டுத்தான் தேட வேண்டும்.

எஞ்சினை ஓட்டாமலே பார்க்க இன்னொரு வழி, டிப் ஸ்டிக் குழாய் வழியாக லேசாகக் காற்று செலுத்தி, மற்ற வாய்களை அடைத்துவிட்டு, வெளியே சோப்பு நுரை தடவிப் பார்ப்பது. குமிழி கிளம்பும் இடம் லீக். காற்றின் அழுத்தம் மிக மிகக் குறைவாக இருக்க வேண்டும்; டயருக்கு அடிக்கிற அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூட அதிகம். கூடினால் நல்ல சீலையும் சேர்த்துப் பிதுக்கிவிடும்.

கேஸ்கெட் மாற்றும் முன் எஞ்சின் மூச்சு விடுகிறதா பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

பிஸ்டன் ரிங்குகள் எவ்வளவு நன்றாக இருந்தாலும், எரிந்த வாயுவில் ஒரு சிறு பங்கு அவற்றைத் தாண்டிக் கீழே, கிராங்க் ஷாஃப்ட் சுழலும் அறையான கிராங்க் கேஸுக்குள் இறங்கத்தான் செய்யும். மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்று சொல்வது இதைத்தான். இறங்கிய வாயு வெளியே போக வழி வேண்டும். பழங்காலத்தில் ஒரு குழாயைக் கீழே நீட்டிச் சாலைக்குத் திறந்துவிட்டார்கள். அந்தப் புகை நகரக் காற்றைக் கெடுக்கிறது என்று 1960களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் அதற்குக் கட்டுப்பாடு வந்தது. அதிலிருந்துதான் வாயுவை, எஞ்சினுக்குக் காற்று போகும் வழியான இன்டேக் மேனிஃபோல்டுக்கே திருப்பி அனுப்பி எரித்துவிடும் பி.சி.வி. வால்வு பரவலாயிற்று. காற்றுக்காக வந்த ஏற்பாடு ஆயில் சீலுக்கும் நல்லதாக முடிந்தது. இன்டேக்கின் உறிஞ்சலால் கிராங்க் கேஸில் லேசான வெற்றிட நிலை இருக்கும். அப்போது எண்ணெய் வெளியே வர முயல்வதற்குப் பதில் காற்று உள்ளே வர முயலும்.

இந்த வழி அடைத்துக்கொண்டால் குக்கரில் விசில் அடைத்துக்கொண்ட மாதிரிதான். உள்ளே அழுத்தம் ஏறும், எங்கே பலவீனமோ அங்கே பிதுங்கும். டேப்பெட் கவர் கேஸ்கெட் (இரண்டு பாகங்களுக்கு நடுவே வைக்கும் அடைப்பு), முன் சீல், பின் சீல், டிப் ஸ்டிக்கின் வாய்கூட. அழுத்தத்தைக் கவனிக்காமல் கேஸ்கெட்டை மட்டும் மாற்றினால், புதிது கொஞ்ச நாள் தாங்கும், அப்புறம் அடுத்த பலவீனமான இடம் வாய் திறக்கும். ஒன்றை அடைத்தால் இன்னொன்று கசிகிறது என்று புலம்பும் வண்டிகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

சோதிப்பது சுலபம். பெட்ரோல் எஞ்சின் சூடாகி ஐடிலில் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றி, அந்த வாய் மேல் ஒரு மெல்லிய தாளை வையுங்கள். லேசாக உள்ளே இழுத்து ஒட்டிக்கொண்டால் சரி. தூக்கி எறிந்தால் அழுத்தம் இருக்கிறது. அடுத்தது பி.சி.வி. வால்வைக் கழற்றிக் குலுக்கிப் பார்ப்பது. சாதாரண வகை வால்வு கடகடவென்று ஆட வேண்டும். ஒட்டிக்கொண்டு சத்தமே வராவிட்டால் மாற்றிவிடலாம், விலை சொற்பம். வால்வை மாற்றிவிட்டுக் குழாய்களை மறந்துவிடுகிறவர்கள் உண்டு. எண்ணெயில் ஊறி மெத்தென்று ஆன ரப்பர் குழாய், உறிஞ்சும்போது உட்சுவர் ஒட்டிக்கொள்ளும். குறுகிய தூரமே ஓடும் வண்டிகளில் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வராததால் நீராவி வெளியேறாமல், எண்ணெயோடு கலந்து வெளிறிய கூழாகக் குழாய்க்குள் படியும். அதுவும் அடைப்புதான்.

டீசல் எஞ்சினுக்கு இந்தத் தாள் சோதனை அப்படியே பொருந்தாது. பழைய டீசல்களில் இன்டேக்கில் பெட்ரோல் எஞ்சின் அளவுக்கு உறிஞ்சல் கிடையாது, மூடியைத் திறந்தால் கொஞ்சம் புகை ஊதுவது சகஜம். மூடியைத் தளர்த்தி அப்படியே வாயின் மேல் வைத்தால் அது குதித்து விழும் அளவுக்கு ஊதினால்தான் கவலை.

வாயு வெளியேறும் பிரீதர் வழியெல்லாம் சுத்தமாக இருந்தும் அழுத்தம் குறையவில்லை என்றால் பேக் கம்ப்ரஷன் தான் அதிகம். ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்துவிட்டது. சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்தால் தெரியும். அந்த நிலையில் ஆயில் சீலுக்குச் செலவு செய்வதில் அர்த்தமில்லை.

மேலிருந்து கீழே

இனி இடம் இடமாக. டேப்பெட் கவர் கேஸ்கெட்டைத்தான் முதல் சந்தேக நபராக வைக்க வேண்டும். எஞ்சினின் மேல் உச்சியில், நல்ல சூட்டில், வருஷக்கணக்காக உட்கார்ந்திருக்கிறது. பழைய எஞ்சின்களில் கார்க், பிறகு வந்தவற்றில் ரப்பர். இரண்டுமே காலப்போக்கில் இறுகிக் கல்லாகும், அழுத்தினால் திரும்ப எழும்பாது. அந்த இடைவெளியில் எண்ணெய் வெளியே வரும். இங்கே செய்யப்படும் பெரிய தவறு, கசிகிறதே என்று போல்ட்டை மேலும் மேலும் இறுக்குவது. இவை சிறு போல்ட்கள். பல கார்களில் 10 நியூட்டன் மீட்டரைத் தாண்ட வேண்டிய வேலையே இல்லை. கூடுதலாக இறுக்கினால் கார்க் பிதுங்கிப் பிளக்கும், தகட்டுக் கவராக இருந்தால் போல்ட் துளையைச் சுற்றிக் குழி விழும். பிறகு எத்தனை புதுக் கேஸ்கெட் போட்டாலும் போல்ட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவில் கசியும். கவரைக் கழற்றித் தட்டையான கட்டை மேல் வைத்துக் குழிகளைத் தட்டி நேராக்கினால்தான் தீரும். வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் ஷாஃப்ட் மேலே உள்ள சில எஞ்சின்களில் சிலிண்டர் ஹெட்டின் முனைகளில் அரைவட்ட ரப்பர் அடைப்பான்கள் இருக்கும். கேஸ்கெட்டை மட்டும் மாற்றி அதை விட்டுவிட்டால் அந்த மூலையில் கசிவு தொடரும். ஸ்பார்க் பிளக் குழிக்குள் எண்ணெய் நின்றால், அதே கவருக்கு அடியில் உள்ள பிளக் குழாய் சீல்கள்தான் காரணம்; பொறி சரியாக விழாமல் எஞ்சின் மிஸ்ஃபயர் ஆகும்.

பிரஷர் சுவிட்ச் சின்னப் பொருள், ஆனால் பெரிய வேலைகளை வீணாகச் செய்யவைக்கும். உலோக உடலும் பிளாஸ்டிக் தலையும் சேரும் இடத்தில் எண்ணெய் ஊறி, ஒயர் கனெக்டருக்குள்ளேயே வரும். கனெக்டரைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே எண்ணெய் நிற்கும், வேறு சாட்சி தேவையில்லை. புதியது போடும்போது மரையில் டெஃப்லான் டேப் சுற்றுவதை நான் தவிர்ப்பேன். பிய்ந்த துணுக்கு எண்ணெய்ப் பாதைக்குள் போகலாம். மரைக்கென்று உள்ள திரவ சீலன்ட் நல்லது, அதுவும் சுவிட்ச்சின் வகைக்குத் தேவைப்பட்டால்தான்.

ஃபில்டர் லீக் என்றால் பெரும்பாலும் கடைசி சர்வீஸில் நடந்த கோளாறு. பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேலேயே புது ஃபில்டரை மாட்டிவிட்டால், இரண்டு ரப்பரும் நழுவி எண்ணெய் பீய்ச்சி அடிக்கும். மாட்டும்போது ரப்பரில் எண்ணெய் தடவி, தொட்ட பிறகு முக்கால் சுற்று கையாலேயே இறுக்கினால் போதும். ஃபில்டர் உட்காரும் ஹவுசிங், எஞ்சினில் சேரும் இடத்திலும் ஒரு கேஸ்கெட் உண்டு என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை. டிரெயின் போல்ட்டில் சொட்டினால் வாஷரை மாற்றுங்கள்; செம்போ அலுமினியமோ, நசுங்கி அடைப்பதற்கென்றே செய்தவை, ஒருமுறைக்குத்தான். அலுமினிய சம்ப்பில் மரை போயிருந்தால் பெரிய போல்ட்டை முறுக்கி ஏற்றாதீர்கள், மரை போட்ட புது உறை வைத்துச் சரிசெய்வதே நிலைக்கும்.

டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள எஞ்சின்களில் அதன் அடியில் ஒரு ஓ ரிங். கழற்றி மாற்ற அரை மணிநேர வேலைதான், ஆனால் கழற்றும் முன் அது நின்ற நிலையைக் குறித்துக்கொள்ளாவிட்டால் பொறி விழும் டைமிங் போய்விடும். பல எஞ்சின்களில் இது பிளாக்கின் பின்பக்கம் இருப்பதால், இதில் கசிகிற எண்ணெயும் பின் சீல் மாதிரியே வேஷம் போடும்.

முன்பக்க கிராங்க் சீலுக்கு அடையாளம் தெளிவு. சுழலும் புல்லி எண்ணெயை வாரி இறைப்பதால், அதைச் சுற்றி வட்டமாக ஒரு பட்டை நனைந்திருக்கும். டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின் என்றால் கிராங்க் சீலோ கேம் சீலோ கசிந்து பெல்ட் கவருக்குள் எண்ணெய் இறங்கும், கவரின் அடி விளிம்பில் சொட்டும். பெரும்பாலான டைமிங் பெல்ட்களின் ரப்பர் எண்ணெயில் ஊறினால் கெட்டுவிடும். பெல்ட் அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதும். அதனால் பெல்ட் மாற்றும்போதே இந்தச் சீல்களையும் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம், எப்படியும் எல்லாம் கழன்றுதானே கிடக்கிறது.

சம்ப் கேஸ்கெட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. போல்ட்கள் தளர்ந்திருந்தால் மெதுவாக ஒருமுறை இறுக்கிப் பார்க்கலாம், பாதி நேரம் அதிலேயே நிற்கும். மாற்றத்தான் வேண்டும் என்றால், முன் கவரும், கிராங்க் ஷாஃப்ட்டைப் பிடிக்கும் பின் மெயின் கேப்பும் சம்ப்போடு சேரும் நான்கு மூலைகளில் ஒரு துளி சிலிகான் வைக்க மறக்கக்கூடாது. அங்கேதான் மறுபடி கசியும்.

பின் சீல்: தீர்ப்பு எழுதும் முன்

கிளட்ச் ஹவுசிங்கின் அடித் துளையில் எண்ணெய் சொட்டினால் மெயின் ஆயில் சீல் என்று சொல்வார்கள். இருக்கலாம். சீலின் விலை அற்பம், ஆனால் கியர்பாக்ஸை இறக்காமல் அதைத் தொட முடியாது. அதனால்தான் மேலே சொன்ன எல்லாவற்றையும் விலக்கிவிட்டு இதற்கு வர வேண்டும். டேப்பெட் கவரின் பின் விளிம்பைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஹெட்டின் பின்முனையில் கேம் ஷாஃப்ட் துளையை அடைக்கும் மூடி இருந்தால் அதையும். எண்ணெயை முகர்ந்து பாருங்கள். கந்தக வாடை அடித்தால் கசிவது கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் சீல், எஞ்சின் சீல் அல்ல.

மிகப் பழைய எஞ்சின்களில் இங்கே ரப்பர் சீலே இருக்காது. கிராஃபைட் ஏற்றிய கயிற்றை இரண்டு பாதியாக வைத்து அடைத்திருப்பார்கள். பழைய பிரிட்டிஷ் எஞ்சின்கள் சிலவற்றில் கிராங்கிலேயே மரை போல ஒரு சுருள் பள்ளம் வெட்டி, சுழலும்போது எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்பும் ஏற்பாடு மட்டும்தான் இருக்கும். நின்றுவிட்டால் திருப்பி அனுப்ப யாருமில்லை, சில சொட்டு வெளியே வரத்தான் செய்யும். புதிதாக வாங்கியபோதே சொட்டிய எஞ்சினைச் சொட்டாமல் செய்யப் போராடுவதில் பயனில்லை. சிலவற்றுக்கு ரப்பர் சீலுக்கு மாற்றும் கிட் கிடைக்கிறது, எஞ்சினைப் பிரிக்கும் நேரத்தில் வேண்டுமானால் யோசிக்கலாம்.

கியர்பாக்ஸை இறக்கிவிட்டால், சீலோடு நிறுத்திக்கொள்ளாமல் இன்புட் ஷாஃப்ட் சீல், கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங் எல்லாவற்றையும் ஒருசேரப் பார்த்துவிட வேண்டும். பிளைவீலுக்குப் பின்னால் எண்ணெய்ப் பாதையை அடைக்கும் சிறு பிளக்குகள் சில எஞ்சின்களில் உண்டு. அவை கசிந்தாலும் குற்றவாளி சீல் என்றே தோன்றும்.

சீல் உட்காரும் ஷாஃப்ட்டை நகத்தால் தடவிப் பாருங்கள். லட்சக்கணக்கான கிலோமீட்டரில் ரப்பர் உதடு எஃகையே தேய்த்துப் பள்ளம் போட்டிருக்கும். நகம் மாட்டினால், புதுச் சீல் அதே பள்ளத்தில் உட்கார்ந்து அதேபோலக் கசியும். இடம் இருந்தால் சீலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி வைத்து உதடு புது இடத்தில் ஓடுமாறு செய்யலாம். இல்லாவிட்டால் 0.3 மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிப்பில் மெல்லிய எஃகு உறைகள் இதற்கென்றே கிடைக்கின்றன, ஷாஃப்ட் மேல் தட்டி ஏற்றிவிட்டால் பளபளப்பான புதுப் பரப்பு. ஆனால் மெயின் பேரிங் தேய்ந்து ஷாஃப்டே ஆடுகிறது என்றால் எந்த உறையும் எந்தச் சீலும் காப்பாற்றாது.

மாட்டுவதில் நுணுக்கம் உண்டு. ஸ்பிரிங் தெரியும் பக்கம் எண்ணெயைப் பார்த்து இருக்க வேண்டும். ரப்பர் உதடு என்றால் லேசாக எண்ணெய் தடவி ஏற்ற வேண்டும். டெஃப்லான் உதடு உள்ள சீல்களுக்கு நேர் எதிர்: எண்ணெய் படாமல் காய்ந்தபடியே மாட்டி, தயாரிப்பாளர் சொல்லும் நேரம் வரை, பெரும்பாலும் சில மணிநேரம், எஞ்சினைச் சுற்றாமல் விட வேண்டும். எண்ணெய் தடவிப் போட்டால் அது முதல் நாளே கசியும். ஷாஃப்ட்டின் சாவிப் பள்ளத்திலும் கூர் விளிம்பிலும் டேப் ஒட்டிவிட்டு ஏற்றினால் உதடு கிழியாது. ஒரு பக்கமாகத் தட்டாமல், சீலின் அளவுக்குப் பொருந்தும் வட்டக் குழாயை வைத்துச் சமமாக இறக்க வேண்டும்.

சிலிகான், சேர்மானம், தடித்த எண்ணெய்

கசிகிற இடத்தில் வெளியிலிருந்து சிலிகான் பேஸ்ட் அப்புவது வேலையே அல்ல. எண்ணெய் பட்ட பரப்பில் அது ஒட்டாது. கேஸ்கெட்டோடு சேர்த்துப் போடும்போதும் கை தாராளம் கூடாது. வெளியே எவ்வளவு பிதுங்குகிறதோ அவ்வளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும். உள்ளே பிதுங்கியது பிய்ந்து சம்ப்பில் விழுந்து, பம்ப் உறிஞ்சும் வலையில் போய் அடைக்கும். ஒரு லீக்கை நிறுத்தப் போய் எஞ்சினையே எண்ணெயில்லாமல் ஓடவிடுகிற கதை இது. தயாரிப்பாளர் சொன்ன இடத்தில் மட்டும், இரண்டு மூன்று மில்லிமீட்டர் கோடாக, பிறகு முழுதாக இறுக ஒரு நாள் அவகாசம். பழைய கேஸ்கெட்டைச் சுரண்டும்போது அலுமினியப் பரப்பில் சுழலும் உரசல் வட்டுகளைப் பயன்படுத்தாதீர்கள். உதிரும் துகள் எண்ணெயில் கலந்தால் பேரிங் போய்விடும். பிளாஸ்டிக் சுரண்டியும் பொறுமையும் போதும்.

லீக் நிறுத்தும் சேர்மானங்கள் ரப்பரைக் கொஞ்சம் ஊதி மென்மையாக்குகின்றன. இறுகிப்போன, ஆனால் கிழியாத சீலில் மெல்லிய கசிவு இருந்தால் சில சமயம் பலன் தெரியும். அதிகக் கிலோமீட்டர் ஓடிய எஞ்சின்களுக்கென்று விற்கும் எண்ணெய்களிலும் இதே வகைப் பொருள் சேர்ந்திருக்கும், அவற்றை முயல்வதில் தப்பில்லை. கிழிந்த சீல், தேய்ந்த ஷாஃப்ட், கார்க் கேஸ்கெட் இவற்றில் ஒன்றும் நடக்காது. சிலர் எஞ்சின் ஆயிலில் பிரேக் ஆயிலைக் கலக்கச் சொல்வார்கள். அது ரப்பரை ஊதவைப்பது உண்மைதான், அளவில்லாமல் ஊதவைத்துக் கெடுக்கும், எண்ணெயையும் பாழாக்கும். சிந்தெட்டிக் ஆயில் ஊற்றியதும் லீக் வந்துவிட்டது என்ற புகாரிலும் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. முன்பு விரிசலை அடைத்துக்கொண்டிருந்த பழைய கசடைப் புது எண்ணெய் கரைத்துவிடுவதுதான் காரணம். சீல் ஏற்கெனவே போயிருந்தது, வெளியே தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான்.

எதை முதலில் சரிசெய்வது என்பதை எவ்வளவு கசிகிறது என்பதைவிட எங்கே விழுகிறது என்பது தீர்மானிக்க வேண்டும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மேல் சொட்டும் மெல்லிய கசிவு, தரையில் குளம் கட்டும் சம்ப் லீக்கைவிட அவசரம், தீப்பிடிக்கும். அடுத்து டைமிங் பெல்ட், கிளட்ச், ஆல்டர்னேட்டர், பிரேக், டயர். ரப்பர் எஞ்சின் மவுன்ட்டிலும் கூலன்ட் குழாயிலும் தொடர்ந்து எண்ணெய் பட்டால் அவை ஊறிப் பிதுங்கும், அது மெதுவான சேதம். சம்ப் விளிம்பில் வாரத்துக்கு இரண்டு சொட்டு என்றால் கீழே ஒரு தட்டை வைத்துவிட்டு, டிப் ஸ்டிக்கைப் பார்த்துக்கொண்டு, அடுத்த பெரிய வேலை வரும்வரை விட்டுவிடலாம். ஓட்டும்போது ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தால் மட்டும் பேச்சே கிடையாது, ஓரமாக நிறுத்தி உடனே எஞ்சினை அணைக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் மறுபடி ஒருமுறை எஞ்சினைச் சுத்தமாகத் துடைத்து வையுங்கள். கால் மணிநேரம் ஓடவிட்டுப் பாருங்கள், பிறகு சில நூறு கிலோமீட்டர் கழித்துப் பாருங்கள். கார்க் கேஸ்கெட் போட்டிருந்தால் சில முறை சூடாகி ஆறியதும் போல்ட்களைக் குறிப்பிட்ட அளவுக்கு மீண்டும் ஒருமுறை இறுக்க வேண்டியிருக்கும், கார்க் அமுங்கித் தளரும். வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு பெரிய அட்டையை விரித்து, சக்கரங்கள் நிற்கும் இடத்தைக் கோடு போட்டு வைத்துக்கொண்டால், அடுத்த சொட்டு எஞ்சினின் எந்த மூலைக்கு நேர் கீழே விழுந்தது என்று தேதியோடு குறித்து வைக்கலாம்.